கர்த்தருக்குப் பயப்படுதல்: எந்தப் பயம் அது?

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று பக்கத்து வீட்டில் பிள்ளைகளை அதட்டுவார்கள். எங்கள் வீட்டில் அது "இயேசப்பா அடிப்பார்" என்று வரும். அடிக்கிறவர்தான் வேறு, அடி ஒன்றுதான். அந்த வயதில்தான் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனமும் கொடுத்தார்கள்: "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்." நீதிமொழிகள் 1:7. தப்பில்லாமல் ஒப்பித்தால் ஒரு மிட்டாய். அதட்டலையும் வசனத்தையும் சேர்த்துப் பார்த்த எனக்கு, கடவுள் என்பவர் பிரம்போடு நிற்கிற கணக்கு வாத்தியார் என்று தெளிவாகவே புரிந்துபோனது.

வளர்ந்த பிறகும் பலர் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. காய்ச்சல் வந்தால் "எந்தப் பாவத்துக்கு இது?" என்று தேடுகிறவர்கள் ஒரு பக்கம். "பயமெல்லாம் பழைய ஏற்பாட்டோடு முடிந்தது, நமக்கு அன்பு மட்டும்தான்" என்கிறவர்கள் மறுபக்கம். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டு தரப்பும் பயம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தத்தைத்தான் வைத்திருக்கின்றன: அடி விழும் என்ற பயம். ஒருவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் தூக்கிப் போடுகிறார். வேதாகமம் சொல்கிற பயம் அதுதானா என்று இருவருமே நின்று பார்க்கவில்லை.

ஒரு சொல், பல பயங்கள்

சிக்னலுக்கு நூறு அடி முன்னால் ஒரு காட்சியைத் தினமும் பார்க்கலாம். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த ஹெல்மெட், போலீஸ்காரர் கண்ணில் பட்டதும் தலைக்கு ஏறும். அவரைத் தாண்டியதும் மறுபடி டேங்குக்கு இறங்கும். இதுவும் பயம்தான். ஆனால் அந்த மனிதரின் தலைக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொரு காட்சி, ஆஸ்பத்திரியில். பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையை நர்ஸ் முதல்முறையாக அப்பாவின் கையில் கொடுக்கிறார். நாலு மூட்டை நெல்லைத் தூக்குகிற கை அப்போது நடுங்கும். மூச்சுவிடவே யோசிப்பார். குழந்தை தன்னை ஏதாவது செய்துவிடும் என்றா பயப்படுகிறார்? கையில் இருப்பதன் அருமை தெரிந்ததால் வருகிற நடுக்கம் அது.

மூன்றாவது, கடல். கடலைக் கண்டு பயப்படுகிறவன் மீன்பிடிக்கப் போக முடியாது. கடலுக்குப் பயப்படாதவனைக் கூட்டிக்கொண்டு போவது அதைவிட ஆபத்து. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, கடல் தன்னைவிடப் பெரியது என்று ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்திருப்பவன்தான் நாற்பது வருஷம் அதில் பிழைக்கிறான்.

தமிழ் இந்த வித்தியாசத்தை ஓரளவு பிடித்துவைத்திருக்கிறது. "பாம்பைக் கண்டால் பயம்" என்கிறோம், "அவன் அப்பாவுக்குப் பயப்படுவான்" என்கிறோம். இரண்டின் தொனியும் ஒன்றல்ல. (கறாரான இலக்கணம் இல்லை இது. நாய்க்கும் பயப்படுகிறோம்தான்.) பயத்தையும் பக்தியையும் ஒட்டவைத்து "பயபக்தி" என்று ஒரு சொல்லையே வைத்திருக்கிறோம்.

பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தில் "யிரா" என்ற சொல் இந்த எல்லாப் பயங்களையும் சுமக்கிறது. அது எப்படி என்று பார்க்க, கர்த்தர் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடிய தீர்க்கதரிசி யோனாவின் புத்தகத்தில் முதல் அதிகாரம் போதும். புயல் அடிக்கிறது, மாலுமிகள் பயப்படுகிறார்கள் (1:5). யோனாவை எழுப்பி விசாரித்தால், "கர்த்தரிடத்தில் பயபக்தியுள்ளவன்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான் (1:9). அந்தக் கர்த்தரிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்கிறான்! கடைசியில் அவனைக் கடலில் போடுகிறார்கள், கடல் அமர்கிறது. அதன்பிறகு மாலுமிகள் "கர்த்தருக்கு மிகவும் பயந்து" பலியிடுகிறார்கள் (1:16). மூன்று இடத்திலும் எபிரெயத்தில் ஒரே வேர்ச்சொல். முதல் பயம் புயலோடு வந்தது, புயலோடு போயிருக்க வேண்டும். கடைசிப் பயமோ ஆபத்து நீங்கிய பிறகு அதிகமாகிறது.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொள்வோம். ஆபத்தைப் பார்த்து வரும் பயம் ஒன்று, அருமையையும் பெருமையையும் உணர்ந்து வரும் பயம் இன்னொன்று. தேவபயம் இரண்டாவது வகை. கடவுளை உண்மையாகவே கடவுளாக எண்ணி நடப்பது என்று அதற்கு ஒரு எளிய விளக்கம் வைத்துக்கொள்ளலாம்.

ஒளிய வைக்கும் பயம், ஒட்ட வைக்கும் பயம்

திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் இதற்கு இரண்டு பெயர் வைத்தார்கள். அடிமைப் பயம்: எஜமான் அடிப்பானோ என்று அடிமைக்கு வரும் பயம். பிள்ளைப் பயம்: தகப்பனின் மனம் நோகுமோ என்று மகனுக்கோ மகளுக்கோ வரும் பயம்.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகுஸ்தீனார், பிரசங்கத்தில் இதை ஒரு குடும்பக் கதையாகவே சொன்னார். இரண்டு மனைவிகள். இருவருக்கும் கணவனைப் பற்றிப் பயம் உண்டு. ஒருத்தி மனதில் துரோகம் வைத்திருக்கிறாள், அவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். மற்றவள் அவனை நேசிக்கிறாள், அவன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். கேள்வி ஒன்றுதான்: அவர் வருவது பயமா, விலகுவது பயமா?

வேதாகமத்தில் அடிமைப் பயத்தின் முதல் குரல் ஆதாமுடையது: "பயந்து, ஒளித்துக்கொண்டேன்." எஜமான் தன் பணத்தை (தாலந்து என்பது அன்றைய பெரிய பணத்தொகை) மூன்று வேலைக்காரரிடம் ஒப்படைத்துப் போனதாக இயேசு சொன்ன உவமையில், மூன்றாவது வேலைக்காரனுக்கும் அதே வியாதி. "நீர் கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன்" என்று ஆரம்பித்து, "நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன்" என்று முடிக்கிறான். அவன் திருடவில்லை, செலவழிக்கவில்லை. பயம் அவனைத் தப்பு செய்யவிடாமல் தடுத்தது, கூடவே நல்லது எதையும் செய்யவிடாமலும் தடுத்தது. சபைகளில் இப்படிப் புதைக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதையாவது செய்து தண்டனை வாங்குவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று இருந்துவிடுகிறார்கள்.

இரண்டு பயங்களும் ஒரே வசனத்தில் நேருக்கு நேர் நிற்கிற இடம் யாத்திராகமம் 20:20. சீனாய் மலை புகைகிறது, ஜனங்கள் பின்வாங்கித் தூரத்தில் நிற்கிறார்கள். மோசே சொல்கிறான்: "பயப்படாதிருங்கள்." அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் "தேவனைப் பற்றும் பயம்" உங்கள் முன் இருப்பதற்காகவே அவர் எழுந்தருளினார் என்கிறான். பயப்படாதே, பயப்படு! முதலாவது தூரமாய் ஓடவைக்கிற பயம், அதை விடச் சொல்கிறான். இரண்டாவது பாவத்தைவிட்டு விலகவைக்கிற பயம், அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறான்.

இது புரிந்தால், எல்லாரும் தடுக்கி விழுகிற 1 யோவான் 4:18-ம் தெளிவாகிவிடும். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும், பயமானது வேதனையுள்ளது." இங்கே "வேதனை" என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். முந்தின வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. ஆக, அன்பு வெளியே தள்ளுவது தண்டனைப் பயத்தை. மற்றப் பயம் புதிய ஏற்பாட்டிலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆதிச் சபைகள் "கர்த்தருக்குப் பயப்படுகிற பயத்தோடும், பரிசுத்த ஆவியின் ஆறுதலோடும்" நடந்து பெருகின என்று அப்போஸ்தலர் 9:31 சொல்கிறது. பயமும் ஆறுதலும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

மன்னிப்பிலிருந்து பயமா?

எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது சங்கீதம் 130:4. "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, அதனால் பயப்படுகிறோம் என்றால் கணக்கு சரியாக வரும். மன்னிப்பு உண்டு, அதனால் பயப்படுகிறோம் என்றால்? மன்னித்துவிடுவார் என்று தெரிந்தால் குளிர்தானே விட்டுப்போகும்?

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட ஃபீஸ் பணத்தைத் தொலைத்தேன். தொலைத்தேன் என்று வீட்டில் சொன்னது. உண்மையில் பாதியைத் தின்றே தீர்த்திருந்தேன். விஷயம் வெளியே வந்த அன்று, பின்கட்டில் நின்று அடிக்காகக் காத்திருந்தேன். அப்பா அடிக்கவில்லை. யாரிடமோ கைமாற்று வாங்கி வந்து, மறுநாள் காலை பணத்தை எண்ணி என் பையில் வைத்து, "பத்திரமாக் கொண்டு போப்பா" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும், அடுத்த முறை இன்னும் சாமர்த்தியமாகச் செய்திருப்பேன். அந்தக் காலையிலிருந்து அவருடைய பணத்தைத் தொடவே எனக்குப் பயம். அவர் கை ஓங்குவார் என்பதற்காக இல்லை. அவர் யார் என்று அன்றைக்குத்தான் பார்த்திருந்தேன்.

அந்தச் சங்கீதத்தை எழுதினவருக்கும் இப்படி ஏதோ நடந்திருக்க வேண்டும். அடிமைப் பயம் தண்டனையைத் தின்று வளர்கிறது. பிள்ளைப் பயத்துக்கு மன்னிப்புதான் சாப்பாடு. இயேசுவின் சிலுவையைப் பற்றி அதிகம் யோசிக்கிற கிறிஸ்தவர்களிடம் இந்தப் பயம் அதிகமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

கனம்: உள்ளே நடப்பது என்ன?

பிள்ளைப் பயம் ஒருவரின் நடத்தையை எப்படி மாற்றுகிறது? இங்கே ஒரு சொல் உதவும்: கனம். தமிழில் கனம் என்றால் எடை, மதிப்பு என்றும் பொருள். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்கிற கற்பனையில், அதாவது கட்டளையில், வருவது அந்த மதிப்பு. ஆச்சரியம் என்னவென்றால் எபிரெயமும் இதேபோலத்தான். கனமாயிருத்தல் என்ற வேரிலிருந்துதான் அங்கே மகிமைக்கான "கபோத்" என்ற சொல்லும் கனம்பண்ணுதலும் வருகின்றன. "மகிமை போயிற்று" என்று பிள்ளைக்கு இக்கபோத் எனப் பேர் வைத்த கதையைக் கேட்டிருப்பீர்களே, அந்தப் பேருக்குள் இருப்பது இந்தக் கபோத்தான்.

மனதுக்குள் ஒரு தராசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிவிலும் சில முகங்கள் அதில் ஏறி உட்காருகின்றன: மேலதிகாரி, மாமியார், சொந்தக்காரர்கள், அப்புறம் அந்த அழிவில்லாத "நாலு பேர்". யார் அதிகக் கனமோ அந்தப் பக்கம் தட்டு சாயும். அங்கே கடவுளுக்கு இருக்கிற எடையின் பெயர்தான் தேவபயம். அவர் இருக்கிறார் என்று நம்புவது வேறு, அவர் கனமாயிருப்பது வேறு. விசுவாசப் பிரமாணத்தைத் தவறாமல் சொல்லிவிட்டு, தராசில் அவரைப் பஞ்சு மூட்டையாக வைத்திருக்க முடியும்.

ஏலியின் கதை இதுதான். அவன் ஆசாரியன். அவனுடைய குமாரர் ஓப்னியும் பினெகாசும் ஜனங்கள் பலியிட வந்த இறைச்சியைப் பலவந்தமாகப் பிடுங்கித் தின்கிறார்கள். ஏலிக்குத் தெரியும். கண்டிக்கவும் செய்தான், வாயளவில். அவர்களை நிறுத்தவில்லை. "என்னைப்பார்க்கிலும் உன் குமாரரை நீ மதிப்பானேன்?" என்று கடவுள் கேட்கிறார் (1 சாமுவேல் 2:29). "மதிப்பது" என்று வரும் இடத்தில் மூலத்தில் இருப்பது அதே கனச் சொல். உன் தராசில் பிள்ளைகள் கனம், நான் லேசு என்பதுதான் குற்றச்சாட்டு. அடுத்த வசனத்தில், "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன், என்னை அசட்டைபண்ணுகிறவர்கள் கனஈனப்படுவார்கள்." கனஈனம் என்ற அந்தப் பழைய மொழிபெயர்ப்புச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். மூலச்சொல்லும் லேசாகிப்போவது என்ற பொருளுடையதுதான்.

மறுபக்கத்துக்கு எகிப்தின் இரண்டு மருத்துவச்சிகள், சிப்பிராளும் பூவாளும். எபிரெயருக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொல்லும்படி பார்வோன் கட்டளையிடுகிறான். அவர்கள் "தேவனுக்குப் பயந்ததினால்" அப்படிச் செய்யவில்லை (யாத்திராகமம் 1:17). பார்வோனைப் பற்றி அவர்களுக்கு நடுக்கமே இருந்திருக்காது என்று சொல்ல முடியாது. அதைவிடக் கனமான ஒன்று மறுதட்டில் இருந்தது, அவ்வளவே. யாத்திராகமம் இவர்கள் இருவரின் பேரையும் எழுதிவைக்கிறது, பார்வோன் பேரை எங்கேயும் சொல்லவில்லை.

இந்தத் தராசை மனதில் வைத்துக்கொண்டால், கடவுளுக்குப் பயப்படுகிறவர்கள் ஏன் பயந்தாங்கொள்ளிகளாக இருப்பதில்லை என்பது விளங்கும். ஒன்று கனமானால் மற்றவை லேசாகின்றன.

இது ஆலயத்தில் தெரியாது

செருப்பை வெளியே கழற்றுவது, முக்காடு, முழங்கால், தாழ்ந்த குரல். எல்லாம் நல்ல பழக்கங்கள்தான், நானும் செய்கிறேன். ஆனால் தேவபயம் இருக்கிறதா என்று பார்க்க வேதாகமம் ஆராதனைக்குள் எட்டிப்பார்ப்பது குறைவு. அது போகிற இடம் வேறு.

லேவியராகமம் 19:14: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக." காது கேளாதவரைத் திட்டினால் அவருக்குத் தெரியாது. பார்வையற்றவர் தடுக்கி விழுந்தால் கல்லை வைத்தது யார் என்று அவர் கைகாட்ட முடியாது. புகார் வராது, சாட்சி கிடையாது, கேமராவும் இல்லை. சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தைப் பார்த்துத்தான் "உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக" என்கிறது. அதற்கு முந்தின வசனம் கூலியைப் பற்றியது: கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கலாகாது. வீட்டு வேலை செய்கிற அக்காவின் சம்பளத்தை "நாளைக்குத் தரேன்" என்று மூன்று நாள் தள்ளுகிறோமே, அவர் சண்டை போட மாட்டார் என்று தெரிந்துதானே?

நெகேமியாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். கி.மு. 445-ல் பாரசீக அரசன் அவனை யூதாவுக்கு அதிபதியாக அனுப்பினான். அதிபதிக்கு ஜனங்கள் படி அளப்பது வழக்கம். முன்னிருந்தவர்கள் அப்பமும் திராட்சரசமும் போதாதென்று நாற்பது வெள்ளிச் சேக்கலும் வாங்கி, ஜனங்களுக்குப் பாரமாயிருந்தார்கள். அந்தப் "பாரம்" என்பதும் மூலத்தில் கனத்தின் அதே வேர். நெகேமியா பன்னிரண்டு வருஷமும் அந்தப் படியை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள், ஆண்டாண்டாக இருந்த மாமூல்தானே. "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டுப் போகிறான் (5:15). கடவுள் கனமாயிருந்த மனிதன் ஜனங்கள்மேல் கனமாய் உட்காரவில்லை.

மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் பத்துக் கற்பனைகளின் விளக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடங்கும்: நாம் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்க வேண்டும், ஆகவே திருடக்கூடாது, பொய்சாட்சி சொல்லக்கூடாது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழில் கொண்டுவந்தார். பயமும் நேசமும் அங்கே ஒரே வாக்கியத்தில் வருவது தற்செயல் இல்லை. ஒவ்வொரு கற்பனைக்கும் கீழே அதே அஸ்திவாரக்கல்லைப் போடுகிறார் லூத்தர்.

ஆக, பிள்ளைப் பயம் மன்னிப்பிலிருந்து பிறக்கிறது, மனதில் கடவுளுக்கு எடை கூட்டுகிறது, யாரும் கேட்க முடியாத இடங்களில் நடத்தையாக வெளிவருகிறது.

ஊழியருக்குப் பயப்படுவது வேறு

இதையும் சொல்லிவிட வேண்டும். "அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்று சொல்லி, கணக்கு கேட்கிற சபையாரின் வாயை அடைக்கிறவர்கள் உண்டு. அந்த வசனம் சங்கீதம் 105:15. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு நாடோடிகளாய்த் திரிந்தபோது, பலமுள்ள ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கடவுள் காத்ததைச் சொல்கிறது. பலவீனரைக் காக்க வந்த வசனத்தைப் பலசாலியின் கேடயமாக்குவது அநியாயம். நீதிமொழிகள் 29:25 இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது: "மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்."

ஆரம்பம் என்றால்? வராவிட்டால்?

ஞானத்தின் "ஆரம்பம்" என்பதை முதல் வகுப்பு என்று எடுத்துக்கொண்டு, தேறியதும் மேலே போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட, அகரம் என்று எடுத்துக்கொள்வது பொருந்தும். எழுபது வயதில் எவ்வளவு கடினமான நூலைப் படித்தாலும் "அ"வைத் தாண்டி வந்துவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை.

புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லையே, என்ன செய்ய?" தோன்ற வேண்டிய உணர்ச்சியாக வேதாகமம் இதைச் சொல்வதில்லை, படிக்க வேண்டிய பாடமாகச் சொல்கிறது. "பிள்ளைகளே, வந்து எனக்குச் செவிகொடுங்கள், கர்த்தருக்குப் பயப்படுதலை உங்களுக்குப் போதிப்பேன்" என்று கூப்பிடுகிறது சங்கீதம் 34. போதிக்கப்போகும் பாடம் என்ன என்று அடுத்த வசனங்களைப் பார்த்தால், நாவைக் காத்துக்கொள், தீமையை விட்டு விலகு, சமாதானத்தைத் தேடு என்று சாதாரண வேலைகளாக இருக்கின்றன.

உபாகமம் 17-ல் இஸ்ரவேலின் ராஜாவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கப்படுகிறது. குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளியையும் பொன்னையும் பெருக்கிக்கொள்ளாதே என்று முதலில் சொல்லிவிட்டு, சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தின் (மோசே வழியாக வந்த சட்டத்தின்) பிரதி ஒன்றைத் தனக்காக எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது. அதைக் கூடவே வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். எதற்காக? கர்த்தருக்குப் பயப்படக் கற்றுக்கொள்வதற்காக, அப்புறம் "அவன் இருதயம் அவன் சகோதரர்பேரில் மேட்டிமைகொள்ளாமல்" இருப்பதற்காக.